கணக்கர் பதில்கள்: வரிச் சலுகைக்கும் வேலை போனவருக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: கணக்கர் சார், போன இதழில் ‘2010 டிசம்பர் மாதிரி இன்னொரு டிசம்பர் எனக்கு வேண்டாம்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே அமெரிக்காவில் அப்படி என்னதான் நடந்தது?
– ரா.கு., எடிசன், நியூ ஜெர்சி

பதில்: நடுத்தரக் குடும்பத்தின் வருமான வரியையும், வேலை போனவருக்குத் தரும் அன்எம்ப்ளாய்மென்ட் பணத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டார்கள். இரண்டுக்கும் இயல்பாக எந்த உறவும் கிடையாது. இரண்டிலும் காலாவதித் தேதி அச்சடித்திருந்தது, அவ்வளவுதான்.

முதலில் வரி. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2001-லும் 2003-லும் வருமான வரியைக் குறைத்தார். செனட்டில் பெரிய மசோதா எதுவாக இருந்தாலும் நடைமுறையில் 60 ஓட்டு வேண்டும். அது கைவசம் இல்லாதவர்களுக்கு ‘ரீகன்சிலியேஷன்’ என்று ஒரு பக்கவாசல் உண்டு. அதில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் போதும். 2003-ல் 50க்கு 50 என்று நின்று, துணை ஜனாதிபதி டிக் செனி வந்து ஓட்டுப் போட்டுத்தான் கரையேறியது. ஆனால் அந்த வாசலில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பேர்ட் கொண்டுவந்த விதி அது. பட்ஜெட் கணக்குப் போடும் காலத்துக்கு அப்பாலும் பற்றாக்குறையைக் கூட்டும் எதையும் உள்ளே விடமாட்டான். அதனால் சலுகை மொத்தத்துக்கும் 2010 டிசம்பர் 31 என்று முடிவுத் தேதி எழுதிவிட்டார்கள். எழுதும்போது அது ரொம்ப தூரத்தில் இருந்தது. பேர்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் மறுபடியும் வருவார்.

அப்புறம் அன்எம்ப்ளாய்மென்ட். பெரும்பாலான மாநிலங்களில் அது 26 வாரம். 2008 சரிவுக்குப் பிறகு மத்திய அரசு அதன்மேல் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே போய், அதிகபட்சம் 99 வாரம் ஆக்கியது. ஆனால் ஒவ்வொரு நீட்டிப்பும் சில மாதங்களுக்குத்தான். வாடகை வீட்டு ஒப்பந்தம் மாதிரி திரும்பத் திரும்பப் புதுப்பிக்கணும். 2010-ல் மட்டும் நான்கு தடவை காலாவதியானது. நான்காவது தடவை நவம்பர் 30. அந்த மாதம் வேலையின்மை 9.8 சதவீதம்.

ஆக, டிசம்பர் பிறந்தபோது ஒரு தேதி போய்விட்டது, இன்னொரு தேதிக்கு ஒரு மாதம் இருந்தது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சம் டாலர்வரை சலுகை தொடரட்டும், அதற்கு மேல் பழைய வரியே வரட்டும் என்றார் ஒபாமா. மேல்தட்டின் விகிதம் 35 சதவீதத்திலிருந்து 39.6-க்குப் போயிருக்கும். எல்லாருக்கும் நீட்டுங்கள், இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்றது குடியரசுக் கட்சி. வரி விஷயம் முடியும்வரை வேறு எந்த மசோதாவையும் எடுக்கவிடமாட்டோம் என்று அவர்களுடைய செனட்டர்கள் 42 பேரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். டிசம்பர் 4 சனிக்கிழமை செனட் கூடி இரண்டரை லட்ச யோசனையை ஓட்டுக்கு விட்டது. ஆதரவு 53, எதிர்ப்பு 36. ஊர்ப் பஞ்சாயத்தில் அதற்குப் பெயர் வெற்றி. செனட்டில் தோல்வி. 60 வரவில்லையே.

திங்கட்கிழமை சமரசம் அறிவித்தார்கள். துணை ஜனாதிபதி ஜோ பைடனும் செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானலும் பேசி முடித்தது. எல்லாருக்கும் வரிச் சலுகை இரண்டு ஆண்டு, பணக்காரர்களையும் சேர்த்து. வேலை போனவர்களுக்கு நீட்டிப்பு 13 மாதம். வாரிசுச் சொத்து வரியில் 50 லட்சம் டாலர்வரை விலக்கு. கூடவே சம்பளத்தில் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி வரி ஓராண்டுக்கு 6.2-லிருந்து 4.2 சதவீதம். மொத்தம் சுமார் 85,800 கோடி டாலர், முழுக்கக் கடன். மறுநாள் பேட்டியில் ஒபாமா பணயக்கைதி உவமை சொன்னார். கடத்தியவர்களோடு பேரம் பேசக் கூடாதுதான், ஆனால் பிணையில் இருப்பவருக்கு அடிபடும் என்றால் வேறு வழி இல்லை என்று பொருள்பட. அவருடைய கட்சிக்காரர்களிலேயே பாதிப் பேருக்குக் கோபம். வெர்மான்ட்டின் பெர்னி சாண்டர்ஸ் வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து எட்டரை மணி நேரத்துக்கு மேல் நின்றபடி பேசினார். ஒன்றும் மாறவில்லை. செனட்டில் 81–19, பிரதிநிதிகள் சபையில் 277–148. டிசம்பர் 17-ம் தேதி கையெழுத்து.

கணக்கர் என்ற முறையில் எனக்குப் பெரிய படத்தைவிடப் பே ஸ்டப் என்கிற சம்பளச் சீட்டுதான் முக்கியம். ஐம்பதாயிரம் டாலர் சம்பளக்காரருக்கு அந்த 2 சதவீதம் ஆண்டுக்கு ஆயிரம். இரண்டு வாரச் சம்பளத்துக்கு நாற்பது டாலருக்குக் கொஞ்சம் கீழே. நல்லதுதான். ஆனால் இதைக் கொடுத்த கையே, அதற்கு முன் இரண்டு வருடமாக இருந்த 400 டாலர் ‘மேக்கிங் வொர்க் பே’ சலுகையை எடுத்துக்கொண்டது. இப்போது ஆண்டுக்கு 15,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு தனி ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதம் என்றால் 300 டாலர் வரவு. போனது 400. நடுத்தர வர்க்கத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தில், அலுவலகக் குப்பைக்கூடையைக் காலி செய்யும் அம்மாளுக்கு நூறு டாலர் நஷ்டம். இதைப் பற்றி ஒரு கட்சியும் எட்டு மணி நேரம் பேசவில்லை.


கேள்வி: ஐயா, நீங்களே ஒரு காலத்தில் அன்எம்ப்ளாய்மென்ட் வாங்கியவர் என்று என் மாமனார் சொல்கிறார். நிஜமா? கேட்டது தப்பென்றால் மன்னிக்கவும்.
– சு.ம., ப்ரிட்ஜ்வாட்டர்

பதில்: மாமனார் சொன்னது நிஜம்தான் அம்மா. மன்னிப்பெல்லாம் எதற்கு?

2009 ஏப்ரல், ஒரு வியாழக்கிழமை. கணக்குப் பிரிவிலிருந்து பதினொரு பேரை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜையில் வெள்ளைக் கவர்கள் வரிசையாக இருந்தன. உட்காரும் முன்பே எண்ணிவிட்டேன், பதினொன்று. தொழில் புத்தி. எனக்கு வயது 52. கும்பகோணத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, சிட்டிசனும் ஆகியிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், பதினொரு கவரும் ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து ‘சர்ட்டிஃபை’ பண்ணணும். வேலை செய்யும் நிலையில் இருந்தாயா, வேலை தேடினாயா என்று இயந்திரக் குரல் கேட்கும், நாம் பட்டனை அமுக்கணும். ஞாயிற்றுக்கிழமை சாம்பார் கொதிக்கும்போதே என் மனைவி அடுப்படியிலிருந்து “அமுக்கியாச்சா?” என்பாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இன்றும் அதுதான் பொருள். வந்த பணம் வாரம் 600 டாலருக்கு முன்னே பின்னே. வீட்டுக் கடன் தவணை மாதம் 1,850. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மாநிலத்தின் 26 வாரம் முடிந்தது. மத்திய அரசின் முதல் படி 20 வாரம், இரண்டாம் படி 14 வாரம். ஆக 60. என் அறுபதாவது வாரம் 2010 ஜூன் முதல் வாரத்தில் முடிந்தது. மூன்றாம் படி இருக்கிறது, ஏறலாம் என்று பார்த்தால், ஜூன் 2-ம் தேதியோடு சட்டம் காலாவதி. ஏற்கனவே ஒரு படியில் நிற்பவர்கள் அதை முடித்துக்கொள்ளலாம், அடுத்த படிக்கு ஏற முடியாது. மாடிப்படியில் பாதி ஏறியதும் விளக்கை அணைத்த மாதிரி.

செனட்டில் ஒரே ஒரு ஓட்டுக் குறை. 3,400 கோடி டாலர் நீட்டிப்பை வேறு எங்கேயாவது செலவைக் குறைத்து ஈடுகட்டு என்றது குடியரசுக் கட்சி. அவசரச் செலவுக்கு ஈடு எதற்கு என்றது ஜனநாயகக் கட்சி. இந்த நேரத்தில் ஜூன் 28-ம் தேதி 92 வயதில் பேர்ட் காலமானார். அதே பேர்ட்தான். வரிச் சலுகைக்குத் தேதி போட வைத்த விதியைத் தந்தவர் இறந்துபோனதில், அன்எம்ப்ளாய்மென்ட்டுக்கு இருந்த ஒரு ஓட்டும் போனது. மேற்கு வர்ஜீனியா கவர்னர் யாரை நியமிப்பார் என்று நியூ ஜெர்சியில் உட்கார்ந்து தினமும் பேப்பர் பார்த்த ஒரே கும்பகோணத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன். கார்ட் குட்வின் என்று 36 வயதுக்காரரை நியமித்தார்கள். ஜூலை 20-ம் தேதி பதவியேற்ற கையோடு ஓட்டுப் போட்டார். 60–40. இரண்டு நாளில் சட்டமானது. விட்டுப்போன ஏழு வாரத்துப் பணமும் சேர்ந்து வந்தது.

அந்த ஏழு வாரமும் அம்மா ஊரிலிருந்து போன் செய்து “ஆடிக்கு வரமுடியுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை அம்மா” என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்எம்ப்ளாய்மென்ட் பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு. பத்து சதவீதம் முன்கூட்டியே பிடித்துக்கொள் என்று கேட்டு வாங்கியிருக்கலாம். கணக்கு எழுதிப் பிழைத்த நான் அதைச் செய்யவில்லை. வாங்கிய அன்எம்ப்ளாய்மென்ட் பணத்தின் கணக்கைக் காட்டும் 1099-ஜி படிவம் அடுத்த ஜனவரியில் தபாலில் வந்தபோதுதான் நினைவு வந்தது. அந்தப் படிவத்தோடு, வரிக்கணக்கு எழுதித் தரும் ஒரு கடைக்குப் போய் சீசன் வேலை கேட்டேன், கொடுத்தார்கள். அது என் 91-வது வாரம். நான் 99-ஐத் தொடவில்லை. தொட்டவர்களுக்கு டிசம்பர் சமரசத்தில் ஒரு சல்லிக்காசு கிடையாது. நீட்டித்தது சட்டத்தின் ஆயுளைத்தான், வாரங்களை அல்ல.


கேள்வி: சும்மா உட்கார வைத்துப் பணம் கொடுத்தால் யார் வேலைக்குப் போவார்கள்? என் கடைக்கு 2021-ல் ஆள் கிடைக்காமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.
– ஒரு உணவக உரிமையாளர், பென்சில்வேனியா

பதில்: உங்கள் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. கொரோனாவின்போது 2020-ல் வாரத்துக்கு 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தபோது, பழைய சம்பளத்தைவிட அதிகமாக வாங்கியவர்கள் நிறைய பேர். என் மேஜையிலேயே பார்த்தேன். ஏன் எல்லாருக்கும் ஒரே 600? சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட மாநிலங்களின் பழைய கம்ப்யூட்டர்களால் முடியாது என்பது ஒரு காரணம். எங்கள் நியூ ஜெர்சி கவர்னர் அந்த ஏப்ரலில் கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் யாராவது உதவிக்கு வருகிறீர்களா என்று டிவியில் கேட்டார். என் வயதுக்காரர்கள் சிலருக்கு அன்று தலை நிமிர்ந்தது.

ஆனால் நீங்கள் சொல்லும் 2021-ல் கூடுதல் தொகை 300 தான். அதையும் சுமார் இருபத்தைந்து மாநிலங்கள் செப்டம்பருக்கு முன்பே, கோடையிலேயே நிறுத்திவிட்டன. ஏறக்குறைய எல்லாமே குடியரசுக் கட்சி கவர்னர்கள் இருந்த மாநிலங்கள். நிறுத்திய இடத்தில் ஆட்கள் ஓடி வந்து கடைகளை நிரப்பிவிடவில்லை. கொஞ்சம் பேர் வந்தார்கள், ரொம்பப் பேர் வரவில்லை. பள்ளிக்கூடம் மூடிக்கிடக்கும்போது குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு உங்கள் கடைக்கு வருவார்கள்?

52 வயதில் நான் அனுப்பிய விண்ணப்பங்களின் கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது. 214. பதில் வந்தது ஒன்பது. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு தபால் செலவு ஆகாது.


கேள்வி: இரண்டரை லட்சம் டாலர் சம்பாதிப்பவர் நடுத்தர வர்க்கமா? எங்கள் ஆபீஸில் இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே சிரிப்பு.
– வெ.நா., டாலஸ்

பதில்: சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீஸிலேயே கணவன், மனைவி இருவரும் சாஃப்ட்வேர் என்றால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். 2010-ல் அப்படி ஒரு ஜோடி என்னிடம் யோசனை கேட்டது. போனஸ் வந்தால் இரண்டரை லட்சம் தாண்டிவிடும், மொத்தச் சம்பளத்துக்கும் வரி கூடிவிடும், போனஸை வேண்டாம் என்று சொல்லட்டுமா என்று. நல்ல படிப்பு படித்தவர்கள்தான். கோட்டுக்கு மேலே போன தொகைக்குத்தான் கூடுதல் விகிதம், கீழே உள்ளது அப்படியேதான் இருக்கும் என்று ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பத்தாயிரம் தாண்டினால், ஒபாமா திட்டப்படி அந்தப் பத்தாயிரத்துக்கு 33-க்குப் பதில் 36 சதவீதம். வித்தியாசம் 300 டாலர். அந்த 300-க்குப் பயந்து பத்தாயிரத்தை விடப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு தேசிய அரசியல் இந்தப் பயத்தின்மேல்தான் நடந்தது என்பேன்.

2013 புத்தாண்டு சமரசத்தில் இந்தக் கோடு தம்பதிகளுக்கு நாலரை லட்சத்துக்கு ஏறிவிட்டது. ஒரே ராத்திரியில் நடுத்தர வர்க்கம் இரண்டு லட்சம் டாலர் உயரம் வளர்ந்தது.


கேள்வி: அண்ணா, ஒன்பது வருடமாக எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஒரு டாலர் விடாமல் வரி கட்டியிருக்கிறேன். போன மாதம் லேஆஃப். எனக்கு அன்எம்ப்ளாய்மென்ட் கிடைக்குமா?
– பெயர் வேண்டாம், ஜெர்சி சிட்டி

பதில்: தம்பி, பெரும்பாலும் கிடைக்காது. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

பணம் வாங்க ஒரு முக்கிய நிபந்தனை, தகுந்த வேலை வந்தால் உடனே போகத் தயாராக இருக்கணும். உங்கள் அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் விட்டதும், இன்னொருவர் மனு போடும்வரை நீங்கள் வேலைக்குத் தயாரான ஆள் இல்லை என்பது மாநிலங்கள் பொதுவாகச் சொல்லும் வாதம். மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், அதனால் விண்ணப்பிக்கும் முன் ஒரு குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். கிரீன் கார்டோ, எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்ற இஏடி அட்டையோ கையில் இருந்தால் கதை வேறு. மனைவிக்கு எச்4 (எச்1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா) இஏடி இருந்து, அவர் வேலை போயிருந்தால், அவர் தாராளமாகக் கேட்கலாம்.

உங்கள் பே ஸ்டப்பை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அன்எம்ப்ளாய்மென்ட் வரி முதலாளியின் தலையில்தான். ஊழியரிடமும் பிடிக்கும் மாநிலம் அலாஸ்கா, பென்சில்வேனியா, அப்புறம் நம் நியூ ஜெர்சி. இங்கே அரை சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனால் ‘யூஐ’ (அன்எம்ப்ளாய்மென்ட் இன்ஷூரன்ஸ்) என்று தனி வரியில் நிற்கும். வாங்க முடியாத ஒன்றுக்கு ஒன்பது வருடம் சந்தா. சோஷியல் செக்யூரிட்டியும் அப்படித்தான். ஓய்வூதியத்துக்கு 40 புள்ளி வேண்டும், வருடத்துக்கு நாலுதான் தருவார்கள். உங்களிடம் 36 இருக்கும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லாததால், அந்த 36-ஐ ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. அதனால் முடிந்தால் இன்னும் ஒரு வருடம் எப்படியாவது இங்கே தாக்குப்பிடியுங்கள்.

நாள் எண்ணுவதில் கவனம். 2017 ஜனவரியிலிருந்து இருக்கும் விதிப்படி அதிகபட்சம் 60 நாள் அவகாசம், இங்கே எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவின் தேதி அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். கடைசி சம்பளத் தேதியை அல்ல, வேலை முடிந்த தேதியை வைத்து எண்ணுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நம் வரிப்பணத்தை வாங்கிச் சும்மா இருக்கிறார்கள்’ என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அப்படி எழுதியவர் ஒருவர் லேஆஃப் ஆனதும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார், உங்களுடைய இதே கேள்வியோடு.


கேள்வி: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். நடுத்தர வர்க்கத்தின் கட்சி எது?
– க.ப., சிகாகோ

பதில்: ஒரே வார்த்தையில் என்றால், ‘தேர்தலன்று’.

கொஞ்சம் நீட்ட விட்டால், ஜனநாயகக் கட்சிக்கு 2010-ல் இரண்டு சபையிலும் பெரிய பெரும்பான்மை. இரண்டரை லட்ச மசோதாவை செப்டம்பரிலேயே ஓட்டுக்கு விட்டிருக்கலாம். தேர்தலுக்கு முன் வரியைத் தொடவே பயந்து தள்ளிப்போட்டு, நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 63 இடத்தை இழந்துவிட்டு, டிசம்பரில் வெறுங்கையோடு பேரத்துக்கு உட்கார்ந்தார்கள். குடியரசுக் கட்சியோ, ஜூலையில் 3,400 கோடிக்கு ஈடு எங்கே என்று கேட்டது. டிசம்பரில் 85,800 கோடிக்கு ஈடு கேட்கவில்லை. என்னிடம் வேலை பழகிய பையன் யாராவது இப்படி இரண்டு பேரேடு எழுதியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.


கேள்வி: இப்போதெல்லாம் அன்எம்ப்ளாய்மென்ட் நீட்டிப்புச் சண்டை செய்தியிலேயே வருவதில்லையே, ஏன்? பிரச்சினை தீர்ந்துவிட்டதா?
– மீ.ச., ஃப்ரீமாண்ட்

பதில்: ஜோடி பிரிந்துவிட்டது.

2010 சமரசத்துக்குப் பிறகு 2011 டிசம்பரில் மறுபடியும் அதே கூத்து, இந்த முறை சம்பள வரியின் 2 சதவீதத்துக்காக. இரண்டு மாத நீட்டிப்பை செனட் 89–10 என்று அனுப்ப, பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினர் முதலில் முரண்டுபிடித்து, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு இறங்கி வந்தார்கள். 40 டாலரில் உங்கள் வீட்டில் என்ன வாங்குவீர்கள் என்று வெள்ளை மாளிகை மக்களைக் கேட்டது அப்போதுதான். 2012 பிப்ரவரியில் ஆண்டு முழுவதற்கும் நீட்டினார்கள், அதோடு 99 வாரத்தையும் வெட்டினார்கள். 2013 ஜனவரியில் சம்பள வரி பழைய 6.2-க்கே திரும்பியது. முதல் சம்பளத்தைப் பார்த்துவிட்டு ‘கம்பெனி என் பணத்தைத் தின்றுவிட்டது’ என்று வந்தவர்களுக்கு அந்த மாதம் முழுக்க விளக்கம் சொன்னேன்.

அதே ஜனவரியில்தான் புஷ் சலுகையில் பெரும்பகுதியை நிரந்தரமாக்கினார்கள். அன்எம்ப்ளாய்மென்ட் நீட்டிப்புக்கு மட்டும் ஒரு வருடம். வரிக்குத் தேதி போய்விட்டது, இதற்குத் தேதி இருந்தது. அடுத்த டிசம்பரில் பேரம் பேச எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. 2013 டிசம்பர் 28-ம் தேதி நீட்டிப்பு நின்றது, 13 லட்சம் பேருக்கு ஒரே நாளில். 2017-ல் போட்ட வரிச் சலுகைக்கும் 2025 கடைசி என்று தேதி வைத்து, அதையும் 2025 ஜூலை 4-ம் தேதி நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதோடு அன்எம்ப்ளாய்மென்ட் நீட்டிப்பு எதுவும் சேரவில்லை. முதலாளி கட்டும் மத்திய அன்எம்ப்ளாய்மென்ட் வரி ஆளுக்கு முதல் 7,000 டாலர் சம்பளத்துக்குத்தான். அந்த 7,000 என்பது 1983-லிருந்து அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால், வேலையின்மை சதவீதம் ஏறினால் வாரங்கள் தானாக ஏறணும், இறங்கினால் தானாக இறங்கணும். தேதியே கூடாது. யாரும் கேட்கவில்லை.

2014 பிப்ரவரியில் பிஸ்காட்டவேயிலிருந்து ஒரு தெலுங்குக்காரர் வந்தார். கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர். பழைய செருப்புப் பெட்டியில் படிவங்களை அடுக்கி, மேலே ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். 1099-ஜியை எடுத்து நீட்டி, “இது டிசம்பரோடு நின்றுவிட்டது சார், நின்றதுக்கும் வரி உண்டா?” என்றார். வந்தவரைக்கும் உண்டு என்றேன். என்னைப் போலவே அவரும் பத்து சதவீதம் பிடிக்கச் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தால் 412 டாலர் கட்டணும். கையில் இல்லை. தவணை கேட்கும் 9465 படிவத்தை எடுத்து, மாதம் 25 டாலர் என்று எழுதினேன். தவணை போட்டுத் தருவதற்கே தனிக் கட்டணம் உண்டு என்றதும் சிரித்துவிட்டார்.

எழுந்து போகும்போது, “மறுபடியும் சட்டம் வந்தால் விட்டுப்போன வாரங்களையும் சேர்த்துத் தருவார்களா?” என்று கேட்டார். 2010-ல் எனக்குத் தந்தார்கள் என்றேன். ஏப்ரல் 7-ம் தேதி செனட் ஐந்து மாத நீட்டிப்பை, பின்தேதியிட்டு, 59–38 என்று நிறைவேற்றியது. அன்று சாயங்காலமே போன் செய்தார், குரலில் ஒரு தெளிவு. பிரதிநிதிகள் சபை அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை. அப்புறம் அவர் போன் செய்யவில்லை.